உங்கள் முறை வராத மாலைகள்

கேள்வி: சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். வீட்டில் யாருக்கும் இதில் ஈடுபாடு இல்லை. தடுப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. எழுதுகிற நாலு பேரோடு பழகினால் நன்றாக இருக்குமே என்று போன வருடம் ஓர் எழுத்தாளர் குழுவில் சேர்ந்தேன். முதலில் வாசித்த கதைகளுக்கெல்லாம் 'அருமை', 'நல்லா வந்திருக்கு' என்றார்கள். வேறெதுவும் சொல்லவில்லை. அப்புறம் என் அம்மாவின் கடைசி மாதங்களை வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டு போனேன். குழுவில் மூத்தவர் ஒருவர் அரை மணி நேரம் அதைக் கிழித்துப் போட்டார். 'இதையெல்லாம் டைரியில் எழுதிக்கொள்ள வேண்டியதுதானே, எங்களிடம் ஏன் வாசிக்கிறீர்கள்?' என்று முடித்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றோடு நின்றுவிட்டேன். அதன் பிறகு எழுதவும் முடியவில்லை. அங்கிருந்த ஒரு பெண் மட்டும் 'உங்கள் கதையைப் பற்றிப் பேச வேண்டும்' என்று செய்தி அனுப்பினார். நான் பதில் போடவில்லை. எனக்கு இன்னொரு குழு தேவையா, இல்லை தனியாக எழுதுவதுதான் சரியா? இன்னொரு பயமும் உண்டு. கதையை நாலு பேர் முன்னால் வைத்தால் கருவை யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த 'டைரி' வாக்கியத்தைப் பேசி முடித்துவிடலாம். அது விமர்சனமே அல்ல. கதையைப் பற்றிய கருத்து என்றால் கதைக்குள் ஏதாவது ஓர் இடத்தைத் தொட வேண்டும். இந்தப் பத்தி இழுக்கிறது, இந்த உரையாடலில் யார் பேசுகிறார் என்று தெரியவில்லை, முடிவு முன்பே தெரிந்துவிட்டது என்று ஏதாவது சொல்லியிருந்தால், எவ்வளவு காரமாகச் சொல்லியிருந்தாலும், வீட்டுக்கு எடுத்து வந்து பார்க்க உங்களுக்கு ஒன்று இருந்திருக்கும். 'எங்களிடம் ஏன் வாசிக்கிறீர்கள்' என்பதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? நீங்கள் அங்கே உட்காரலாமா கூடாதா என்பதுதான் அதில் இருக்கும் கேள்வி. அதைத் தீர்மானிக்க அவர் யார்?

பிரதிகளைச் செம்மையாக்குவது என் தொழில். கூடவே எழுத்துப் பட்டறைகளும் நடத்துகிறேன். கறாரான வாசகர்களை எனக்குப் பிடிக்கும். அவர்கள் இல்லாத குழு சீக்கிரம் சலித்துவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த மூத்தவரைவிட அதிகமாக என்னை உறுத்தியது அந்த அரை மணி நேரம். ஒருவர் முப்பது நிமிடம் பேச, மற்றவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அந்தக் குழுவுக்கு விதி என்று ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். விதி இல்லாத இடத்தில் யாருக்குக் குரல் பெரிதோ அவர் வைத்ததே சட்டமாகிவிடும். அதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அம்மாவைப் பற்றிய கதை என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கவிஞர் பேட் ஷ்னைடர் 1980களில் வளர்த்தெடுத்த ஆம்ஹெர்ஸ்ட் முறை என்று ஒன்று உண்டு. அதில் இரண்டு விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. யார் எதை வாசித்தாலும், எழுதியவரே வேறு விதமாகக் கேட்டுக்கொண்டாலொழிய, அதைப் புனைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 'உங்கள் அம்மா' என்று யாரும் பேசக் கூடாது. 'கதையில் வரும் தாய்', 'கதைசொல்லி' என்றுதான் பேச வேண்டும். அடுத்தது, அப்போதுதான் எழுதிய பக்கத்தைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. மனதில் நின்றது எது, வலுவாக வந்திருப்பது எது என்று மட்டும் சொல்லலாம்.

முதல் விதியை வெறும் நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு நல்ல தொழில்முறைக் காரணம் இருக்கிறது. 'உங்கள் அம்மா' என்று பேச்சு ஆரம்பித்தால் கேட்பவர்கள் ஒன்று துக்கம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள், அல்லது சங்கடப்பட்டு எரிச்சலடைவார்கள். இரண்டிலும் கதை காணாமல் போய்விடும். 'கதையில் வரும் மகள் ஏன் கடைசிவரை அந்த அறைக்குள் போகவில்லை?' என்று ஒருவர் கேட்டால், மகளாக இல்லாமல் எழுத்தாளராக நின்று உங்களால் பதில் யோசிக்க முடியும். அந்த இடைவெளி இல்லாத குழுவில் சொந்தத் துக்கத்தை வைத்து எழுதியதை வாசிக்கவே கூடாது என்பேன்.

எழுதியதை அவை முன் வைப்பது நமக்குப் புதிதல்ல. பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில், குற்றமறத் தெரிந்து நூல் வைக்கப்பட்டதைத் தொல்காப்பியத்தின் பாயிரமே சொல்கிறது. ஆனால் அரங்கேற்றம் என்பது முடிந்த நூலுக்கானது. அங்கே நூல் நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பார்கள். எழுத்தாளர் குழுவுக்கு வருவது பாதி வெந்த பிரதி. அதன் முன்னால் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது வேலையே இல்லை. எழுதியவர் அடுத்த முறை எழுதும்போது எதைக் கவனிக்கலாம் என்று சொல்வதுதான் வேலை. எழுதத் தெரிந்த பலருக்கு இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் தெரிவதில்லை. அனுபவம் கூடக் கூட இது தானாக வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

சரி, அந்த 'அருமை'களுக்கு வருவோம். உங்களுக்கு அவற்றால் பயனில்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. ஒரு கதையை ஒரே ஒரு முறை காதால் கேட்டுவிட்டு, உடனே அபிப்பிராயம் சொல்லச் சொன்னால் பெரும்பாலானோர் 'அருமை' என்றுதான் சொல்வார்கள். பாராட்டுகிறார்களா என்பதுகூடச் சந்தேகம். தங்கள் முறையை எப்படியாவது கடந்துவிடப் பார்க்கிறார்கள். நாளைக்குத் தங்கள் கதை வரும்போது யாரும் தங்களைக் கடிக்கக் கூடாதே என்ற கணக்கும் கொஞ்சம் இருக்கும். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்ற பதில்தான் கிடைக்கும். கேள்வியை மாற்றினால் பதில் மாறும்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990களில் வகுத்த ஒரு முறையில் நாலு படிகள். முதலில், படைப்பில் தங்களுக்கு எது பொருளுள்ளதாக, நினைவில் நிற்பதாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்கிறார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம்; அதையும் 'முடிவைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?' என்று அனுமதி கேட்டுத்தான் சொல்ல வேண்டும். நடனத்துக்காக உருவானாலும் கதைக்கு அப்படியே பொருந்துகிறது. நாலு படியையும் சடங்கு போலச் செய்ய வேண்டியதில்லை. அந்த இரண்டாம் படியை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும் என்று நினைக்கிறேன். கதையை அனுப்பும்போது கூடவே இரண்டு கேள்விகளை எழுதி அனுப்புங்கள். 'மகள் மீது உங்களுக்கு எந்த இடத்தில் கோபம் வந்தது?' 'மூன்றாம் பக்கத்தில் காலம் பின்னால் போகிறது, அங்கே குழப்பம் இருந்ததா?' இப்படிக் கேட்கப்பட்ட ஒருவர் 'அருமை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அபிப்பிராயம் சொல்லத் தயங்குகிறவருக்கும் இது பெரிய உதவி. எழுதியவரே இடத்தைக் காட்டிவிட்டார், இனிச் சொல்லலாம்.

இன்னொரு வழி, எழுத்துப் பயிற்சி பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973இல் எழுதியது. ஆசிரியர் இல்லாமல் எழுதுகிறவர்களே கூடி நடத்தும் வகுப்பு அவருடையது. கதை நல்லதா கெட்டதா என்ற பேச்சே வேண்டாம். வாசித்துக்கொண்டு போகும்போது உங்கள் மனதில் என்னென்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள் என்கிறார். 'இங்கே சிரித்தேன், இங்கே யாரோ சாகப்போகிறார்கள் என்று நினைத்தேன், இந்தப் பத்தியில் கவனம் சிதறி மறுபடி மேலே போனேன்.' இதற்கு இலக்கியப் பயிற்சி தேவையில்லை, நேர்மை போதும். எழுதியவர் எதிர்வாதம் செய்யாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். என் பட்டறைகளில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் யாரும் யாரையும்விடப் பெரியவராக இதில் நடிக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கும் இரண்டு தேவைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். எழுதுகிற ஆட்களோடு பழக வேண்டும் என்பது ஒன்று. கதை மேம்பட வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது துணை, இரண்டாவது திருத்தம். ஒரே குழு இரண்டையும் தந்தால் அதிர்ஷ்டம். தராவிட்டால் குழுவில் கோளாறு என்று அர்த்தமில்லை.

1930களிலும் 40களிலும் ஆக்ஸ்ஃபோர்டில் இங்க்லிங்ஸ் என்ற நண்பர் குழு எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் கல்லூரி அறையில் வியாழக்கிழமை இரவுகளில் கூடும். எழுதிக்கொண்டிருப்பதை அங்கே வாசிப்பார்கள். டோல்கீன் தன் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை, அது 1954-55இல் அச்சாவதற்கு வெகுகாலம் முன்பு, பகுதி பகுதியாக அங்கே வாசித்தார். லூயிஸிடமிருந்து தனக்குக் கிடைத்தது வழக்கமான அர்த்தத்தில் சொல்லும் இலக்கியத் தாக்கம் அல்ல, வெறும் ஊக்கம் என்றும், இன்னும் கொண்டா என்று அவர் விடாமல் கேட்டிருக்காவிட்டால் நாவலை முடித்திருக்கவே மாட்டேன் என்றும் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் டோல்கீன் எழுதினார். இது துணை. அதே குழுவில் ஹ்யூகோ டைசன் என்றொருவர் இருந்தார். அவருக்கு அந்த நாவல் ஆகவே ஆகாது. அவருடைய முணுமுணுப்புத் தாங்காமல், அவர் இருக்கிற நாட்களில் நாவலை வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

படித்த, பழகிய, ஒருவரையொருவர் மதித்த மனிதர்கள் கூடிய அறையிலேயே ஒருவரால் வாசிப்பை நிறுத்த முடிந்திருக்கிறது. நீங்கள் ஓர் அரை மணி நேரத்தால் நின்றுபோனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்: டோல்கீனுக்கு அறைக்கு வெளியிலும் லூயிஸ் இருந்தார். உங்களுக்கு அந்த அறையை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால்தான் அடி இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனவே இப்போதைக்கு உங்களுக்குத் தேவைப்படுவது திருத்தம் அல்ல, துணை. எழுத்தே நின்று கிடக்கும்போது எதைத் திருத்துவது? ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல், சேர்ந்து உட்கார்ந்து எழுதுகிற குழுக்கள் இருக்கின்றன. நேரிலும் கூடுவார்கள், வீடியோ அழைப்பிலும் கூடுவார்கள். ஆரம்பத்தில் இன்று எதை எழுதப்போகிறோம் என்று ஒரு வரி, அப்புறம் ஒரு மணி நேர மௌனம், கடைசியில் எவ்வளவு ஆயிற்று என்று ஒரு வரி. அவ்வளவுதான். கேட்டால் அசட்டுத்தனமாகத் தோன்றும், தனியாக எழுத முடியாதா என்ன என்று. முடியும். ஆனால் நேரத்தைச் சொல்லிவிட்டு வராமல் இருப்பது கூச்சமாக இருப்பதாலேயே நிறையப் பேர் எழுதி முடித்திருக்கிறார்கள். ஒரே மாதத்தில் 50,000 சொற்கள் எழுதும் நானோரைமோ என்ற கூட்டு முயற்சி 1999இல் 21 பேரோடு தொடங்கி உலகம் முழுவதும் பரவியதற்கு இந்தக் கூச்சம்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. சேர்ந்து எழுதும் பழக்கத்துக்கு அமைப்பு ஒன்றும் அவசியமில்லை.

எழுத்து மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு திருத்தும் குழுவைத் தேடலாம். அப்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். உங்கள் கடிதம் முழுக்க உங்கள் கதை பேசப்பட்ட நாட்கள்தான் வருகின்றன. மற்றவர்களின் கதை பேசப்பட்ட மாலைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை, குழுவில் சேருகிற எல்லோரும் தன் முறை எப்போது வரும் என்று பார்த்துத்தான் சேருகிறார்கள். ஆறு பேர் குழுவில் ஆறு முறைக்கு ஒருமுறைதான் உங்கள் கதை வரும். மீதி ஐந்து மாலைகளைக் காத்திருப்பு என்று நினைத்தால் எந்தக் குழுவும் உங்களுக்கு நஷ்டக் கணக்குத்தான். என் அனுபவத்தில் குழுவால் வளர்ந்தவர்கள் எல்லோரும் அந்த ஐந்து மாலைகளில் வளர்ந்தவர்கள்.

காரணம் எளிது. உங்கள் கதையில் இல்லாததை உங்கள் ஞாபகம் நிரப்பிவிடும். அம்மாவின் அறை என்று எழுதினால் உங்களுக்கு அந்த அறையின் வாடை, கட்டில் கிடந்த பக்கம், ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் எல்லாம் வந்துவிடும். வாசகருக்கு 'அறை' என்ற சொல் மட்டும்தான் வரும். இந்த ஓட்டையை உங்கள் பக்கத்தில் உங்களால் பார்க்கவே முடியாது. இன்னொருவர் பக்கத்தில் சட்டென்று தெரியும், ஏனென்றால் அவருடைய ஞாபகம் உங்களிடம் இல்லை. அங்கே 'இது எனக்கு ஏன் ஒட்டவில்லை?' என்று யோசித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, அவர் மனம் புண்படாதபடி அதைச் சொல்ல வாக்கியம் தேடுகிறீர்கள் பாருங்கள், அப்போது கற்றுக்கொள்வது அப்படியே உங்கள் கதைக்கும் வந்து சேரும். சில மாதம் போனால் எழுதும்போதே கை நிற்கும்: இதே தப்பைப் போன வாரம் அவருடைய கதையில் சொன்னோமே!

ஒரே பக்கத்தைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகப் பேசுவதைக் கேட்பது இன்னொரு படிப்பு. ஒருவர் கண் கலங்கிய இடத்தில் இன்னொருவர் கொட்டாவி விட்டிருப்பார். உங்கள் கதையாக இருந்தால் யார் சொன்னது சரி என்று தவித்துப் போவீர்கள். அடுத்தவர் கதை என்பதால் நிதானமாகப் பார்க்கலாம். எது ஒருவருடைய ருசி, எது பிரதியில் உள்ள கோளாறு என்று பிரிக்கப் பழகுவீர்கள். ஒரே இடத்தில் மூன்று பேர் தடுக்கி விழுந்தால், மூவரும் சொல்லும் மருந்து வெவ்வேறாக இருந்தாலும், அங்கே ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் தடுக்கினால் குறித்து வைத்துக்கொண்டு மேலே போகலாம். இந்தப் பழக்கம் வந்தபிறகு, அந்த மூத்தவர் மாதிரி ஆட்கள் எதிரே உட்கார்ந்தாலும் 'சரி, இவர் ஒருவர்' என்று எண்ணிக்கொள்ள முடியும்.

புதிய குழு ஒன்றைப் பார்க்கப் போனால் முதல் ஓரிரு முறை எதையும் வாசிக்காதீர்கள். பார்வையாளராக உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே ஒரு தகவல். கதையைப் பேசுகிறார்களா, ஆளைப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். யார் பேச்சை யார் வெட்டுகிறார்கள், குறை கேட்டவர் வாடிய முகத்தோடு கிளம்புகிறாரா அல்லது பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்கிறாரா என்பதும் கவனிக்க வேண்டியது. தங்கள் கதை முடிந்ததும் எழுந்து போய்விடுகிற ஆட்கள் அதிகமாக இருந்தால் அந்தக் குழு நீடிக்காது. எல்லோரும் உங்களைவிடத் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த தொடக்க எழுத்தாளர், வாசிக்கப் பொறுமையில்லாத பிரபலத்தைவிடக் குழுவுக்கு லாபம்.

தேடிப் போகாமல் நீங்களே தொடங்கவும் செய்யலாம். உங்கள் நிலையில் எனக்கு அதுதான் சரியென்று படுகிறது, ஆள் ஏற்கெனவே இருக்கிறார். அந்தச் செய்தி அனுப்பிய பெண்ணுக்குப் பதில் போடுங்கள். தாமதத்துக்குப் பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம். 'பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. என் கதையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். நீங்கள் எழுதுவதை எனக்கு அனுப்ப முடியுமா? வாசிக்க ஆசையாக இருக்கிறது' என்று போட்டால் போதும். முதலில் அவருடைய கதையைக் கேட்பதில் ஒரு நன்மை இருக்கிறது. அவர் ஏதோ உங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர், நீங்கள் அடிபட்டவர் என்ற நிலையில் உறவு தொடங்காது. எழுதுகிற இரண்டு பேராகத் தொடங்கலாம்.

இரண்டு பேர் பழகிய பின் இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்க்கலாம். நாலிலிருந்து ஆறு பேர் வசதி. அதற்கு மேல் போனால் முறை வரவே மாதக்கணக்காகும், மூன்றுக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் கூட்டமே இல்லை. கதையை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட வேண்டும், 3,000 சொல்லுக்கு மேல் வேண்டாம். அங்கேயே வாசித்துக் கேட்பதில் ஓசையும் உரையாடலின் ஓட்டமும் நன்றாகப் பிடிபடும், அமைப்பு பிடிபடாது. அதற்குப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாவல் எழுதுகிறவர் வந்தால் முந்தைய அத்தியாயங்களின் சுருக்கம் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் 'இவர் யார்?' என்ற கேள்வியிலேயே நேரம் போகும்.

பேசும் முறைக்கு மில்ஃபோர்டு ஏற்பாடு நல்ல அடிப்படை. 1956இல் டேமன் நைட் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் நண்பர்களோடு தொடங்கிய கூட்டம் அது. 1968இல் ஆரம்பித்த கிளாரியன் பட்டறை வழியாக அதன் முறை நிறையக் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் வரிசைப்படி, குறிப்பிட்ட நேரத்துக்குள், குறுக்கீடு இல்லாமல் பேச வேண்டும். எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகு அவருக்கு நேரம். தலைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக் கைபேசியில் மணி வைத்துவிட்டால் அரை மணி நேரச் சொற்பொழிவுக்கு வழியே இல்லை. மூத்தவரானாலும் ஐந்து நிமிடம், நேற்று வந்தவரானாலும் ஐந்து நிமிடம். யார் மணியைப் பார்ப்பது என்பதும் கூட்டத்துக்குக் கூட்டம் மாற வேண்டும்.

அந்த மௌன விதியில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மற்றவர்களுக்குப் பழக்கமில்லாத வாழ்க்கையை எழுதுகிறவர், தப்பான அடிப்படையில் பேச்சு நகர்வதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார வேண்டியிருக்கிறது. இதை எதிர்த்துச் சமீப ஆண்டுகளில் பலர் எழுதியும் இருக்கிறார்கள். அதனால் ஒரு சின்ன மாற்றம் செய்துகொள்ளுங்கள். எழுதியவர் தன் இரண்டு கேள்விகளை முன்னால் வைத்து ஆரம்பிக்கட்டும், அப்புறம் மௌனமாகட்டும். பேச்சு தடம் மாறிப்போனால் ஒரு வாக்கியத்தில் திருத்திவிட்டு மறுபடி மௌனமாகலாம். ஒரு வாக்கியம் என்றால் ஒன்றுதான். கதையில் இல்லாததை வாயால் விளக்க ஆரம்பித்தால் குழு முழுவதும் தலையாட்டிவிடும், பிரதி அப்படியே கிடக்கும்.

எந்தக் குழுவையும் ஒரு மூன்று மாதம் பார்க்கலாம். கூட்டம் முடிந்து வந்த அன்றோ மறுநாளோ எழுத உட்காரத் தோன்றுகிறதா என்பதே எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல். குறை கேட்டு மனம் கசந்திருக்கலாம், அது பரவாயில்லை. கசப்போடும் எழுதத் தோன்றும். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை என்றால் விலகிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமை இல்லை. இத்தனை நாள் வாசித்ததற்கு நன்றி என்று ஒரு வரி போதும். தனியாக எழுதுவது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரிதான், நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு மோசமான மாலையால் எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டாம்.

கடைசியாக, கருவைத் திருடுவது. சட்டத்தில் கருவுக்குப் பாதுகாப்பு இல்லை; அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் பதிப்புரிமை. அந்த உரிமைக்குப் பதிவு ஏதும் கட்டாயமில்லை. 1886இல் உருவான பெர்ன் ஒப்பந்தம் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்பாட்டில் சேர்ந்துள்ள நாடுகளில், எழுதி வைத்த உடனேயே அது உங்களுடையது. மின்னஞ்சலில் தேதியோடு அனுப்பிய பிரதி பின்னால் ஆதாரமாகவும் உதவும். குழுவில் பகிர்ந்தது குழுவை விட்டு வெளியே போகக் கூடாது என்பதை முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். பத்திரிகைக்கு அனுப்பப்போகிற கதையை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுவெளியில் போடாதீர்கள். சில பத்திரிகைகள் அதை ஏற்கெனவே வெளியானதாகக் கருதும். நடைமுறையில், குழுக்களில் கரு திருடப்பட்டு நான் பார்த்தது மிகக் குறைவு, எழுதி முடிக்கப்படாமல் வீணாய்ப் போன கருக்களைத்தான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் பயம் போகவில்லை என்றால் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். குழுவில் எல்லோருக்கும் ஒரே கருவைக் கொடுங்கள்: நீண்ட நாள் பேசாமல் இருந்த இருவர் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எழுத ஒரு மணி நேரம், வாசிக்க ஒரு மணி நேரம். அதில் எந்தக் கதை யாரிடமிருந்து திருடப்பட்டது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். குழுவின் முதல் கூட்டத்தையே இதற்கு வைத்துக்கொள்ளலாம். யாரும் வீட்டிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.